கியர் வழுக்குகிறதா? பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

மோட்டார் கார் என்பது ஒரு காலத்தில் ஜமீன்தார்களுக்கும் பெரிய டாக்டர்களுக்கும் உரிய வாகனம் என்று கருதப்பட்டது. இன்று மாதச் சம்பளக்காரர்களாகிய நாமும் தவணை முறையில் அதனை வாங்கி, அக்கிரகாரத்துக் குறுகிய தெருக்களில், எதிரே ஓர் ஆட்டோ வந்தால் இருவரில் ஒருவர் பின்வாங்கியே தீர வேண்டிய இடங்களில், நிறுத்தி வைத்திருக்கிறோம். அவற்றுள் பல, கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள். 2014-ஆம் ஆண்டில் மாருதி நிறுவனம் செலேரியோ வண்டியைத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் அமைப்புடன் குறைந்த விலையில் வெளியிட்டதிலிருந்து இவ்வசதி நடுத்தரக் குடும்பத்தாருக்கும் எட்டியது. ராமானுஜ ரோட்டு நெரிசலில் நூறு முறை கிளட்ச் மிதித்து முழங்கால் நொந்தவர்கள் இதனை விரும்புவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் கெட்டுப்போகும்போதுதான் இதன் மறுபுறம் தெரிகிறது. ஒருநாள் வண்டி முன்போல் இழுக்கவில்லை. எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. ஒர்க்ஷாப்பிற்குக் கொண்டு போகிறோம். அரை மணி நேரத்தில், "கியர் பாக்ஸ் போய்விட்டது சார், மாற்ற வேண்டும்" என்று ஓர் எஸ்டிமேட் காகிதம் கையில் வருகிறது. அதில் கண்டிருக்கும் தொகை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டியே நிற்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்க வேண்டும் என்ற கவலையில், பலர் சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வாறு கொடுக்குமுன் செய்யத்தக்க சில சோதனைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றிற்குச் செலவே இல்லை. மற்றவற்றிற்குச் சொற்பச் செலவுதான்.

யான் மெக்கானிக் அல்லன், ரெயில்வேயில் குமாஸ்தா. எங்கள் இலாகாவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாகனில் கோளாறு கண்டால் அதற்கு ‘சிக்’ என்று அட்டை ஒட்டி, சிக் லைனுக்குத் தள்ளிவிடுவார்கள். என்ன கோளாறு, எந்தச் சக்கரத்தில், யார் பார்த்தார் என்பதெல்லாம் எழுத்தில் ஏறிய பிறகுதான் எந்தப் பாகமும் கழற்றப்படும். "வண்டி சரியில்லை, அடிப்பாகம் முழுவதும் மாற்று" என்று எழுதினால் மேலதிகாரி காகிதத்தைத் திருப்பி எறிந்துவிடுவார். சொந்தக் காசில் ஓடும் வண்டிக்கு நாம் இந்த மரியாதையைக்கூடச் செய்வதில்லை.

முதலில், வழுக்குதல் என்றால் என்ன என்று தெளிய வேண்டும். எஞ்சினின் சுழற்சி சக்கரத்திற்குப் போய்ச் சேரும் வழியில், எங்கோ இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால், எஞ்சின் சுற்றுகிறது, சக்கரம் அந்த அளவு சுற்றுவதில்லை. டாஷ்போர்டில் ஆர்.பி.எம். முள் விருட்டென்று ஏறும்; வேகமுள் சோம்பலாக நிற்கும். இதுதான் வழுக்குதல். கியர் மாறும்போது குலுங்குவதும், ‘டி’ போட்டவுடன் தடால் என்று உதைப்பதும், ஒரே கியரில் சிக்கி நிற்பதும் வெவ்வேறு நோய்கள். இவற்றையெல்லாம் ‘ஸ்லிப் ஆகிறது’ என்ற ஒரே சொல்லில் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டால் அவரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்.

அடுத்து, நம் வண்டியில் இருப்பது எந்த ஜாதி ஆட்டோமேட்டிக் என்பதை அறிய வேண்டும். இதனை அறியாமலேயே ஐந்து வருஷம் ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இங்கே விற்கும் விலை குறைந்த ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பெரும்பாலானவை ஏ.எம்.டி. வகை. அதாவது, சாதாரணக் கியர் பாக்ஸ், சாதாரணக் கிளட்ச் தட்டு. மிதிப்பதற்கும் கியர் தள்ளுவதற்கும் மட்டும் நம் கைகாலுக்குப் பதிலாக ஒரு யந்திரக் கை. இவ்வகையில் வழுக்கினால் தேய்ந்திருப்பது அநேகமாகக் கிளட்ச் தட்டுதான். அதை மாற்றும் செலவு ஆயிரக் கணக்கில் நிற்கும், லட்சத்திற்குப் போகாது. தட்டை மாற்றியபின் கம்ப்யூட்டருக்குப் புதிய தட்டின் பிடிப்பு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கானர் மூலம் ‘கற்றுக் கொடுக்க’ வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புதுத் தட்டும் குலுங்கும்; அதைக் காட்டி இன்னொரு எஸ்டிமேட் வரும்.

இரண்டாவது வகை டார்க் கன்வெர்ட்டர் உள்ளது. இதுவே பழைய குலம். ஜெர்மானிய எஞ்சினீயர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பவர் கப்பல் டர்பைன்களுக்காக 1905-இல் பேடண்டு பெற்ற யோசனை இதற்கு மூலம். எண்ணெயை ஒரு விசிறி வீச, மற்றொரு விசிறி அதனால் சுழலும். 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரா-மாட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தது. எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும் முறை பொதுஜனங்களின் காருக்கு வந்த கதை அது. நம் ரெயில்வேக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரெயில்வே எஞ்சினீயராயிருந்த டாக்டர் எம். எம். சூரி டீசல் எஞ்சின்களுக்கு எண்ணெயும் பல்சக்கரமும் இணைந்த ஒரு டிரான்ஸ்மிஷனைக் கண்டுபிடித்து, 1962-இல் பட்நாகர் பரிசு பெற்றார். ‘சூரி டிரான்ஸ்மிஷன்’ என்றே அதற்குப் பெயர்.

மூன்றாவது சி.வி.டி.; இதில் கியர்ப் படிகளே கிடையா. இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் எஃகுப் பட்டை ஓடும். கப்பிகளின் அகலம் மாறுவதால் விகிதம் மாறும். இவ்வகை வண்டியில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் முந்திக்கொண்டு ஏறுவதும் வேகம் பின்னால் வருவதும் இயற்கை. புதிதாக வாங்கியவர்கள் இதையே வழுக்கல் என்று நினைத்து அஞ்சுவதுண்டு. நான்காவது, இரட்டைக் கிளட்ச் வண்டி. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் உள்ளவை நெரிசலில் எளிதில் சூடேறும்.

சரி, வழுக்குவது போலத் தோன்றி, உண்மையில் கியர் பாக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுகள் எத்தனை! இக்னிஷன் காயில் ஒன்று பலவீனமாயிருந்தால் ஏற்றத்தில் வண்டி திணறி அதிரும். கியர்தான் நழுவுகிறது என்று தோன்றும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இழுவை குறையும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் பிளந்திருந்தால் ‘ஆர்’ போடும்போது உதைக்கும். பிரேக் முழுவதும் விடுபடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி கனக்கும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போனாலே எது மற்றவற்றைவிட மிகுதியாகச் சுடுகிறதென்று தெரிந்துவிடும் (தொட வேண்டாம்). பாட்டரி தளர்ந்திருந்தால் ஏ.எம்.டி.யின் யந்திரக் கை தடுமாறும். இவை போதாவென்று, ஏதேனும் ஒரு சென்சார் தவறினாலும் கம்ப்யூட்டர் தற்காப்புக்காக வண்டியை ஒரே கியரில் நிறுத்திவிடும். அது கியர் பாக்ஸின் மரணம் அன்று. தன்னைக் காத்துக்கொள்ள அது எடுக்கும் விடுப்பு.

இனி எண்ணெய். டார்க் கன்வெர்ட்டர் வகையிலும் சி.வி.டி.யிலும் எண்ணெய்தான் இரத்தமும் தசையும். உள்ளே தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தமே. அளவு குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், நுரைக்கும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும். அளவு மிஞ்சினாலும் நுரைக்கும். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில், பெரும்பாலானவற்றிற்கு எஞ்சின் நன்றாகச் சூடான பின், சமதரையில், ‘பி’-யில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளுக்கு நிறுத்திய பின் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே வைப்பதில்லை. வண்டியை லிப்டில் ஏற்றி, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, பக்கவாட்டு அல்லது அடித் திருகைக் கழற்றித்தான் அளவு பார்க்க முடியும். "டிப்ஸ்டிக் இல்லை, பார்க்க முடியாது" என்று சொல்லும் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டு வைப்பது உசிதமன்று.

ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். சாதாரண எண்ணெய் புதிதில் சிவப்பு. பழக்கத்தில் பழுப்பாவது இயல்பு. கறுத்து, தீய்ந்த நெடி அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ் நிறப் பால் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கலந்துவிட்டது. அதற்கு மேல் ஓர் அடிகூட ஓட்டக் கூடாது. சி.வி.டி. எண்ணெய்களுக்கு வேறு நிறங்களும் உண்டாதலால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டா, நெடியையும் சேர்த்துக்கொள்க. ‘ஆயுட்காலம் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை’ என்று விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உயர்தரக் கார்கள் பலவற்றிற்குக் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப்.-ஏ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றுமாறு சொல்கிறது.

நம் பகுதி அன்பர் ஒருவரின் அனுபவம் இங்கே பொருந்தும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியை இரண்டாம் கையாக வாங்கி நான்கு வருஷம் ஓட்டியவர். நஞ்சன்கூடு சாலையில் போகும்போது வழுக்கத் தொடங்கியது. ஒர்க்ஷாப்பில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் கேட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று வைத்திருந்த பணம் ஏறத்தாழ அதே அளவுதான். என்னிடம் எஸ்டிமேட்டைக் காட்டினார். அதில் ‘கியர் பாக்ஸ் அசெம்பிளி மாற்றுதல்’ என்ற ஒரே வரி. எண்ணெய் அளவு, நிறம், ஸ்கானர் குறியீடு, சாலைச் சோதனை எதுவும் கிடையாது. "ஐயா, இந்தக் காகிதத்தில் நோய் எழுதவில்லை, மருந்து மட்டும் எழுதியிருக்கிறது, நோயை எழுதித் தரச் சொல்லுங்கள்" என்றேன். எழுதித் தர மறுத்துவிட்டார்கள். வேறோர் ஒர்க்ஷாப்பில் லிப்டில் ஏற்றியபோது, எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயின் வாய் கசிந்து, அடித்தகடு முழுவதும் எண்ணெய்ப் பசையாயிருந்தது. இரண்டு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. நல்லவேளையாக எண்ணெய் தீயவில்லை. குழாய், ஃபில்டர், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் முடிந்தது. பெண் கல்லூரியில் சேர்ந்தாள், வண்டியும் ஓடுகிறது.

எல்லாருக்கும் இவ்வாறே முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. சங்கத்து அன்பர் வேறொருவரின் வண்டியில் இதே சோதனைகளைச் செய்தபோது எண்ணெய் கறுத்து நாறியது. பானைக் கழற்றினால் பித்தளைத் துகள்கள் மின்னின. அவர் பணம் கட்டித்தான் தீர வேண்டியிருந்தது. ஆனால் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டினார். புதிய பாக்ஸுக்குப் பதிலாக உள்ளே தட்டுகளையும் சீல்களையும் மட்டும் மாற்றிப் புதுப்பிக்கும்படி பேசித் தீர்த்துக்கொண்டார்.

எண்ணெய் சரியாயிருந்தால் சாலைக்கு எடுத்துச் செல்க. மெக்கானிக்கும் உடன் வரட்டும். ரிங் ரோட்டில் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை இலேசாக வைத்து ஒரே சீராக ஓட்டுக. மேடுபள்ளப் பட்டைமேல் போவதுபோல அதிர்ந்தால், இடக்காலால் பிரேக்கைச் சற்றே தொட்டுப் பார்க்கலாம் (பின்னால் வண்டி இல்லாதபோது). உடனே அதிர்வு நின்றால், சந்தேகம் டார்க் கன்வெர்ட்டரை நேரே பூட்டும் லாக்-அப் கிளட்சின்மீது விழும். நல்ல எண்ணெய் மாற்றினாலேயே சில வண்டிகளில் இது தீர்வதுண்டு. நிற்காவிட்டால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். பிறகு சாமுண்டி மலைச் சாலையில் ஏற்றுக. எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு மாறும்போது முள் துள்ளுகிறது, குளிரிலா சூட்டிலா, ரிவர்ஸிலும் உண்டா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்க. ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அதற்குரிய தட்டுக்கட்டோ, எண்ணெயை அங்கே திறந்துவிடும் சாலினாய்டு வால்வோ காரணமாகலாம். ரிவர்ஸ் உள்படச் சகல கியரிலும் வழுக்கினால் பொதுவானவற்றை, அதாவது எண்ணெய், ஃபில்டர், பம்பு, அழுத்தம் இவற்றை நோக்க வேண்டும். சூடானபின் மட்டும் வழுக்கினால், எண்ணெய் நீர்த்து, தேய்ந்த சீல்கள் வழியே அழுத்தம் கசிகிறது என்று ஊகிக்கலாம். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலேட்டரை முழுதும் மிதிக்கும் ‘ஸ்டால் டெஸ்ட்’ என்பதை வீட்டில் எவரும் செய்ய வேண்டா. சில வினாடிகளில் எண்ணெய் கொதித்துவிடும்.

ஸ்கானர் விஷயம் ஒரு குமாஸ்தாவுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏனெனில் அங்கே வாய்ப்பேச்சு இல்லை, எண்கள்தாம். பி-0700 என்ற குறியீடு வந்தால், ‘கியர் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது’ என்பது மட்டுமே பொருள். அதை வைத்துக்கொண்டு பாக்ஸை மாற்றச் சொல்வது, உறையைப் பார்த்துவிட்டுக் கடிதத்திற்குப் பதில் எழுதுவதற்கு ஒப்பாகும். கியர் கம்ப்யூட்டரைப் படிக்கவல்ல ஸ்கானர் வேண்டும். மலிவான கையடக்கக் கருவிகள் பல எஞ்சின் பகுதியோடு நின்றுவிடும். பி-0715 உள்வரும் வேக சென்சார். பி-0720 வெளியேறும் வேக சென்சார். பி-0741 லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. பி-0731 முதல் கியரின் விகிதம் தவறு, பி-0732 இரண்டாம் கியர், இப்படியே மேலே. சென்சார் குறியீடு மட்டும் வந்தால் அந்தச் சென்சாரையும் அதன் ஒயரையும் முதலில் பார்க்க வேண்டும்.

விகிதத் தவறு என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். முதல் கியரின் விகிதம் 2.80 என்று கொள்வோம். கியர் பாக்ஸிலிருந்து வெளியேறும் அச்சு நிமிஷத்திற்கு 1,000 சுற்று சுற்றினால், உள்ளே வரும் அச்சு 2,800 சுற்ற வேண்டும். ஸ்கானரில் 3,250 என்று காட்டினால் 450 சுற்று எங்கோ தொலைகிறது. தட்டு வழுக்குகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டா. 2,800-ஏ காட்டினால் அந்தக் கியர் குற்றமற்றது. எஞ்சின் சுற்றை இதில் வைத்துக் கணக்கிடக் கூடாது; எஞ்சினுக்கும் உள்வரும் அச்சுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால், அது பூட்டிக்கொள்ளாத நேரத்தில் வேறுபாடு இருப்பது இயல்பே. இந்த எண்கள் ஓடும்போது திரையை போட்டோ எடுத்துத் தரும்படி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

எஞ்சியது பானைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளே காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை மெல்லியதாகப் படிந்திருந்தால் அது வயதின் அடையாளம், அஞ்ச வேண்டியதில்லை. செதில்களும் துகள்களும் கறுப்புத் தட்டுத் துணுக்குகளும் குவிந்திருந்தால் அதுதான் தீர்ப்பு. அந்நிலையில் எண்ணெய் மாற்றுவது வீண். எரிந்த தட்டு எண்ணெயால் வளராது.

"நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை" என்று சில இடங்களில் சொல்வார்கள். சில வேளை அது உண்மையும்கூட. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் ஏ.எம்.டி. கிளட்சையும் உலர் இரட்டைக் கிளட்சையும் தின்றுவிடும். ஆனால் இப்பதிலை எப்போதும் நம்பிவிட முடியாது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு உண்டு. ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகளின் பவர்ஷிப்ட் இரட்டைக் கிளட்ச் குலுங்குகிறது என்று புகார் செய்தவர்களிடம், உங்கள் ஓட்டும் முறையே காரணம் என்று ஃபோர்டு நிறுவனம் சொல்லிவந்தது. அந்நாட்டுப் பெடரல் நீதிமன்றம் 2018 ஏப்ரலில், புகார்களை நடத்திய விதத்திற்காக அந்நிறுவனத்திற்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2013-இல் சீனாவில் வோக்ஸ்வாகன் நிறுவனம் டி.எஸ்.ஜி. கியர் கோளாற்றுக்காக 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்க நேர்ந்தது. ஆகவே, பணம் கட்டுமுன் நம் வண்டி மாடலுக்குக் கம்பெனி வாரண்டியை நீட்டியிருக்கிறதா, ரீகால் அறிவிப்பு உண்டா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரிப்பது அவசியம்.

மாற்றியே தீர வேண்டும் என்று தெளிவானால், எஸ்டிமேட்டில் புதியதா, புதுப்பித்ததா, வேறு வண்டியிலிருந்து எடுத்ததா என்று எழுதி வாங்குக. பழைய பாக்ஸைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதன் மதிப்பைக் கழிக்க வேண்டும் என்றும் எழுதச் செய்க. செய்த வேலைக்கு ரசீது தராதிருப்பதே 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்டக் கமிஷனில் இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. கன்னடம் எழுதத் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் ஆங்கிலத்திலும் மனு எழுதலாம்.

வழியில் வழுக்கல் மிகுந்தால் நிறுத்திவிடுவதே நலம். அப்படியே ஊர்போய்ச் சேர முயன்றால் பத்தாயிரத்தில் முடிவது லட்சமாகும். நிறுத்திய வண்டியை இழுத்துச் செல்வதிலும் ஓர் எச்சரிக்கை. முன் சக்கரங்கள் இழுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டியை, அச்சக்கரங்கள் தரையில் உருள, கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. எஞ்சின் நின்றிருப்பதால் எண்ணெய்ப் பம்பு ஓடாது. உள்ளே உறுப்புகள் எண்ணெயின்றி உராயும். முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் தட்டை லாரியைத்தான் அழைக்க வேண்டும். திம்பத்தின் மேலே நிற்க நேர்ந்தால் அவ்வித லாரி சாம்ராஜ்நகரிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ வர வேண்டியிருக்கும். அதற்கான போன் எண்ணைப் புறப்படுமுன்பே குறித்து வைத்துக்கொள்க.